மூன்று கருப்பன்களுக்கு இரண்டு மனு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மனு எழுதுகிறவன் இருந்தானாம். அந்த ‘ஒரே ஒரு’வை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்தே அவனுக்குப் பொழுது போனதாம். வேறு யாருமில்லை, நான்தான். உத்தமபாளையம் தாலுகாக் கச்சேரிக்கு எதிரே, புளியமரத்தடியில் ஒரு மேசை, ஒரு மசிக்கூடு, யாரோ படித்துக் கழித்த ஒரு இலக்கணப் புத்தகம். ‘ஏ’ போடவா ‘தி’ போடவா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தவித்து, கடைசியில் தாளில் மசியைச் சொட்டவிட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

எந்த அவுக?

மார்கழிக் குளிரில் ஒரு காலை பேச்சியம்மாள் வந்தார். தை பத்தாம் தேதி மகளுக்குக் கல்யாணம். புருஷன் மேகமலை எஸ்டேட்டில் வேலை. துரைக்கு இங்கிலீஷில் மனு வந்தால்தான் லீவு கிடைக்கும் என்று கங்காணி சொல்லியனுப்பியிருந்தார். அதை அந்த அக்கா சொன்ன விதம் இது: “அவுக சொல்லித்தேன் வந்தேன். அவுக மனசு வச்சாத்தேன் அவுக வருவாக. அவுக வந்தாத்தேன் அவுக சம்மதிப்பாக.”

நான் விரல் விட்டு எண்ணினேன். கங்காணி, துரை, புருஷன், மறுபடி புருஷன், சம்பந்தி. அப்படியே எழுதினால் இங்கிலீஷில் எல்லாருமே ‘ஹீ’. யாரை யாரிடம் அனுப்புவது என்று துரை மண்டையைப் பிய்த்துக்கொள்வார். ஆகையால் சந்தேகம் வருகிற இடத்திலெல்லாம் ஆளின் பேரையே எழுதிவிடுவது என் வழக்கம்.

புருஷன் பேரைக் கேட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். “ஊரு எல்லையில நிப்பாக, கையில அருவா வச்சிருப்பாக” என்றார். “கருப்பனா?” என்றேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சொன்னார்: “நீங்கதேன் சொன்னீக தம்பி, நாஞ் சொல்லல. எழுதிக்கிருங்க.”

கொஞ்சம் தண்ணீர்

மூன்று நாள் கழித்து, மாப்பிள்ளையின் அப்பா சீனிச்சாமி வந்தார். வந்தது கல்யாணத்துக்காக அல்ல, வாய்க்கால் தண்ணீருக்காக. கடைமடை வயல் காய்கிறது, ஓவர்சியருக்கு மனு வேண்டும் என்றார். இங்கிலீஷில் ‘லிட்டில்’ என்று மட்டும் எழுதினால் தண்ணீர் இல்லாத மாதிரி, முன்னால் ஒரு ‘ஏ’ சேர்த்தால் ஏதோ கொஞ்சம் இருக்கிற மாதிரி; உங்கள் வாய்க்கால் எதில் சேர்த்தி என்று கேட்டேன். “இல்லேன்னா பயிரு செத்துப்போச்சு, இனி எதுக்கும்பாக. இருக்குன்னா பெறகு என்னம்பாக. ரெண்டுக்கும் நடுவுல எழுதுங்க” என்றார். ‘ஏ’ போடாமல் எழுதிக்கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: “பேச்சியம்மா வந்துச்சா? மனு போயிருச்சா?” போய்விட்டது என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: “ஒம்பதாம் தேதி பொழுது சாயுற வரைக்கும் பாப்பேன் தம்பி. பெத்த அப்பன் வந்து நிக்காத பந்தல்ல எஞ் சனம் ஒண்ணுகூடக் கை நனைக்காது.”

லீவில் வந்தவர்

தை பிறந்து நாலாம் நாள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் மரத்தடிக்கு வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். துரை கையெழுத்துப் போட்ட லீவுச் சீட்டைக் காட்டி, “நாந்தேன் கருப்பன். இந்த மரத்தடியில கேக்கச் சொன்னாக” என்றார். கல்யாணப் பெண்ணுக்கு அப்பனாக இருக்கிற வயசில்லை. ஆள் அனுப்பினேன். பேச்சியம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது அவுக இல்ல” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காவல் சாமியின் பேரைத் தலைப்பிள்ளைக்கு வைக்கிற பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு, எஸ்டேட்டில் கருப்பன் ஒருவர்தான் இருப்பார் என்று நினைத்தது என் தப்பு. மூன்று பேர் இருந்தார்களாம். ‘கருப்பன், வீட்டில் கல்யாணம்’ என்று மட்டும் சொல்லித் துரை கூப்பிட்டதும் முதலில் ஓடிப்போய் நின்றவர் இவர். “மகள் கல்யாணம்னு எழுதியிருந்ததே, உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை போலிருக்கிறதே?” என்று கேட்டேன். அவர் வெட்கத்தோடு கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார். “வீட்டுல எனக்குத்தேன் பொண்ணு பாத்து முடிச்சுட்டாகன்னு நெனச்சேன்.”

ஒருவர், மற்றொருவர், மீதி ஒருவர்

மூன்று பேரைப் பிரித்துச் சொல்ல இலக்கணப் புத்தகத்தில் வழி இருக்கிறது: ‘ஒன்’, ‘அனதர்’, ‘தி அதர்’. ஒருவர் எதிரிலேயே நிற்கிறார். மலையில் இருக்கிற இரண்டு பேரில் எவரை ‘தி அதர்’ என்பது? இரண்டு பேருமே சின்னமனூர்ப் பக்கமாம், இரண்டு பேருக்கும் கல்யாண வயசில் பெண் உண்டாம், பெண்டாட்டிகள் பேர் இவருக்குத் தெரியாதாம். மாமனார் பேரைக் கேட்டேன். அதையும் சொல்லக் கூடாது. பட்டப்பேரும் அப்படியே. “வேற ஏதாச்சும் அடையாளம் சொல்லுங்கக்கா” என்று கெஞ்சினேன். பேச்சியம்மாள் வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். “சோத்துல உப்புக் கூடிப்போனாலும் ஒரு வார்த்த சொல்லாமத் திங்கிறவுக” என்றார்.

“அட, அவரா!” என்று இளங்கருப்பன் துள்ளினார். “இன்னொருத்தருன்னா தட்ட வீசிருவாரு. அவருதேன், எங்க லயத்து வரிசையில கடைசி வீடு.” அதையே இங்கிலீஷில் எழுதினேன். ‘எந்தக் கருப்பன் உப்பைப் பற்றி வாய் திறப்பதில்லையோ அந்தக் கருப்பன்’ என்று எழுதிய மனு நான் எழுதியதில் அது ஒன்றுதான். தபாலில் போட்டால் நாள் போதாது. இளங்கருப்பன் மனுவையும் தன் லீவுச் சீட்டையும் சேர்த்து மடித்து இடுப்பில் செருகினார். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டதற்கு மலையைப் பார்த்தபடி பதில் சொன்னார்: “ரெண்டு பேரு லீவுல போனா துரை விட மாட்டாரு. நா ஏறுறேன், அவரு எறங்கட்டும்.”

ஒன்பதாம் தேதி

கச்சேரி கலைகிற நேரம். சீனிச்சாமி மூன்று மணியிலிருந்து எதிர்க் காப்பிக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சின்னமனூர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்கிற வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறியபோது பேச்சியம்மாள் வந்தார். பின்னால் நரைத்த மீசையோடு, முழங்கால்வரை செம்மண்ணோடு ஒருவர். “அவுக வந்துட்டாக” என்றார். எந்த அவுக என்று நான் கேட்கவில்லை. சீனிச்சாமி எழுந்து வந்து, அந்த மனிதரின் தோள்மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

“நாளைக்கு வந்து கை நனைச்சுட்டுப் போங்க தம்பி. உப்பு நானே பாத்துப் போடுறேன்” என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாளும் கிளம்பினார். கருப்பன் மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். என்னிடம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “எப்பவும் ஒரு கை கூடத்தேன் போடுவா.”

இலக்கணப் புத்தகம் மூன்றே வார்த்தையில் பிரித்துவிடுகிற மூன்று ஆட்களை எங்கள் பள்ளத்தாக்கில் உப்புப் போட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது என்று நினைத்தபடி நான் மசிக்கூட்டை மூடுகையில், அவரும் ரோட்டைத் தாண்டி நடந்துபோய்விட்டார்.