போனை அணைக்க மறந்த மதியம்

எங்கள் பள்ளிக்கூடம் ராகலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்தில் இருக்கிறது. அங்கே நான் வரலாறு படிப்பிக்கிறேன். ஒன்பதாம் தர வகுப்பில், யாரோ நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் போர்டு ஒன்று உண்டு. பழுதாகிவிடும் என்று பயந்து அதற்கு மேசைவிரிப்பைப் போர்த்தி வைத்திருந்தோம். சரஸ்வதி பூசைக்கு மட்டும் விரிப்பை எடுத்து, சந்தனப் பொட்டு வைத்து, மறுபடியும் போர்த்திவிடுவோம்.

அந்த வகுப்பில் காது கேளாத பிள்ளை ஒருத்தி இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டதாம். ஆறாம் தரத்திலிருந்து நான்தான் அவளுக்கு வரலாறு. முதல் வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதை அப்படியே கொப்பியில் இறக்குவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பரீட்சைத் தாளில் மட்டும் ஒன்றும் இருக்காது. பாவம், நல்ல பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே அவளை ஒவ்வொரு வருடமும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நுவரெலியாவில் நடந்த ஒரு பயிற்சியில், பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கும் போன் செயலி ஒன்றைக் காட்டினார்கள். வகுப்பில் செய்துபார்த்து, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் படத்துக்காகத்தான் தொடங்கினேன். மேசைவிரிப்பை எடுத்துவிட்டு, போனை ஸ்மார்ட் போர்டோடு இணைத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பேசப் பேச, அது பெரிய எழுத்தில் போர்டில் ஓடும். எங்கள் பேச்சு அதற்குப் பாதிதான் பிடிபடும். நான் பிள்ளைகளைத் திட்டுவதையும் பாடத்தோடு சேர்த்து எழுதிவைக்கும். வகுப்புக்கு ஒரே கொண்டாட்டம். வேடிக்கையாக ஏதாவது சொன்னால், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் தனியாகச் சிரிப்பாள். மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றே நினைத்தேன். படத்தை அனுப்பிய பிறகும், பழகிவிட்டதால் போனை மாட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம் அவளுடைய தாய் வந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையை அரைநாளோடு நிறுத்திக்கொண்டு, வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சர், இந்த வருசத்தோட இவள நிப்பாட்டிறலாமான்னு வீட்டுல கேக்குறாங்க. நீங்க என்னா சொல்றீங்களோ அப்புடியே செய்யிறோங்க."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வாசலுக்குப் போய் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"நிப்பாட்டிருங்க. பாவம், அது என்னா செய்யும்? எழுத்து அழகா இருக்கு, மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது. வயசு வீணாப் போகுது. தையல் கிய்யல் பழக்கிவிடுங்க."

தாய் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

நான் வாசலுக்குப் போனால் என் வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். அன்று சத்தமே இல்லை. என் மேல் இருக்கும் பயம் என்று கொஞ்சம் பெருமையோடு திரும்பினேன். நான் தாயிடம் சொன்னது முழுவதும் போர்டில் நின்றது. அந்தக் கட்டடத்தில் சிக்னல் நன்றாகக் கிடைப்பது வாசலில்தான். பாதிப் பேச்சை விழுங்கும் அந்தப் போன், அன்றைக்குப் பார்த்து ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது.

வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசியது. அழுதுகொண்டு ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து சோக்கை எடுத்து, பக்கத்துக் கரும்பலகையில் எழுதினாள்.

"டீச்சர், நீங்கள் கரும்பலகையில் எழுதிக்கொண்டேதான் பாடம் சொல்வீர்கள். எனக்கு உங்கள் முதுகுதான் தெரியும், வாயசைவு தெரியாது. நான் உங்கள் வகுப்புக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது."

அதற்குக் கீழே, அந்த மூன்று வாரமும் நான் நடத்திய கண்டி இராச்சியத்தின் கதையைப் பலகை நிறையும்வரை எழுதினாள். நடுவில் நான் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சையும் விடவில்லை. போர்டில் எழுத்து வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும், அதனால்தான் அவள் பிந்திச் சிரித்திருக்கிறாள். தன்னைப் பற்றி அப்படி ஒன்றை இத்தனை பேர் முன்னால் படித்துவிட்டு, இப்படிப் பதில் எழுத என்னால் முடியாது. அந்தத் துணிவை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

"என்னாங்க டீச்சர் எழுதியிருக்கா?" என்று தாய் கேட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினேன்.

"நான் சொன்னது தப்புங்க. அவளுக்கு ஏறாம இல்ல. நான்தான் சொல்லிக் குடுக்கல."

"அப்ப நிப்பாட்ட வேணாங்களா?"

"அவகிட்டயே கேளுங்க."

தாய் அவளுடைய முகத்துக்கு நேரே போய் நின்று, நாடியைத் தொட்டு, மெதுவாகக் கேட்டார். அவள் வாய் திறந்து பதில் சொன்னாள். அவள் பேசி நான் கேட்டது அன்றுதான். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. போனுக்கும் புரியவில்லை, போர்டில் ஒன்றும் வரவில்லை. தாய்க்குப் புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பத்தாம் வகுப்புக்கு என்னென்ன கொப்பி வாங்கணுங்க, டீச்சர்?"