ரமணியின் நூல் நீண்ட கதை

நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்றதை இரண்டு கையிலும் முறுக்கி, புருவத்தில் வேண்டாத முடியை மட்டும் பிடுங்கி எடுப்பதுதான் ரமணியின் பிழைப்பு. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய பார்லர். இருபது வருஷமாகப் பெண்கள் அங்கே கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார்கள்.

நாற்பத்தைந்து தாண்டியதும் நூல் நீள ஆரம்பித்தது. கிட்டே குனிந்தால் முடி மங்கியது. தள்ளி நின்றால் தெரிந்தது. மற்றவர்கள் பேப்பரைத் தள்ளிப் பிடித்துச் சமாளிப்பார்கள். ரமணிக்கு அந்த வசதி கிடையாது, நூல் பல்லில் அல்லவா இருக்கிறது. அதனால் மாதத்துக்கு ஒரு விரற்கடை நூலைக் கூட்டி வெட்டிக்கொண்டாள். கடைசியில் பட்டம் விடுகிறவள் மாதிரி நின்றாள். பழியை விளக்கின் மேல் போட்டு மூன்று முறை பல்பு மாற்றினாள். கண்ணைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. பார்லர்காரி மூக்கில் கண்ணாடியா? கிழவி என்று ஊர் சிரிக்காதா? அவள் வீம்பு அப்படி.

அந்த வீம்பில் மாட்டியவள் சுபாஷினி. அக்கரையில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து ரமணியைத் தவிர யாரையும் தன் புருவத்தைத் தொட விட்டதில்லை. அன்றைக்கு நீள நூல் தொய்ந்துபோய், இடது புருவத்தின் வால் பாதி போய்விட்டது.

"பரவால்லக்கா, வளந்துரும் லா," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

திட்டியிருந்தால்கூட ரமணி தாங்கியிருப்பாள். கல்யாணத்துக்கு இவள் என்னிடம் வருவாளா என்று அதே நினைப்பு.

மறுநாள் பார்லரைச் சாத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். கண் பரிசோதித்தவர் ஐமான், மகன் வயது. தூரத்து எழுத்துகளைக் கடகடவென்று படித்தவள், சின்ன எழுத்து அட்டையைக் கொடுத்ததும் கையை நீட்டினாள்.

"எனக்கு என்ன நோய் தம்பி?"

"நோய் இல்லக்கா. கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. கிட்டத்துல பாக்குறப்ப அது வளைஞ்சு கொடுக்கணும். நாப்பதுக்கு மேல இறுகிப் போயிரும். எனக்கும் வரும் லா. பவர் இன்னும் கொஞ்சம் ஏறும், அப்பப்ப வந்து செக் பண்ணிக்குங்க. வேலையில எவ்ளோ தூரத்துல பாப்பீங்க?"

ரமணி கைப்பையிலிருந்து நூலை எடுத்துப் பல்லில் கடித்து, பழைய நாளில் கை நின்ற இடத்தில் கையை வைத்துக் காட்டினாள். ஐமான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணுக்கும் கைக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தார்.

"இதே தூரத்துக்குச் செஞ்சு தரேன்கா. தூரத்துல பாக்குறப்ப கழட்டிருங்க, மங்கலா தெரியும்."

பயந்ததற்கெல்லாம் பழி வாங்குவதுபோல் செக்கச் சிவந்த ஃபிரேமாகவே பொறுக்கினாள். கண்ணாடி வந்த அன்றே நூலைப் பழைய அளவுக்கு வெட்டினாள்.

கல்யாண வாரம். வியாழக்கிழமை வரை சுபாஷினி வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவளேதான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் சுபா. எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியல. மறைச்சேன். அன்னைக்கு அதான் அப்படி ஆச்சு."

சுபாஷினி சிவப்புக் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு முடியும் வேரோடு தெரிந்தது. நூல் தொய்யவே இல்லை. வேலை முடிந்து இருவரும் சுவர்க்கண்ணாடிக்கு முன்னால் குனிந்தார்கள். சுபாஷினியின் புருவம் இரண்டும் ஒரே அச்சாக இருந்தன. மூக்குக்கண்ணாடி வந்த நாளாக அடுத்தவர் புருவத்தையே பார்த்துவந்த ரமணி, பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். தன் கையாலேயே திருத்திக்கொண்ட புருவம், ஒன்று மேலே, ஒன்று கீழே.

"இதோடயா ரெண்டு வருஷமா திரிஞ்சேன்? ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க கடையச் சாத்திருவீங்கன்னு பயம்கா. அப்புறம் கல்யாணத்துக்கு நான் யார்கிட்ட போவேன்?"

ரமணி கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மாட்டிக்கொண்டாள்.