தகர டிரம்மில் வந்த அழுங்கு

அந்தச் சுவர்ப்படம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வழவழவென்று இருக்கும், தொட்டால் விரல் ரேகை பதியும். இயற்கையைக் காப்பாற்றுகிற உலக அமைப்பு ஒன்று அச்சடித்து டெல்லிக்கு அனுப்ப, டெல்லியிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து சேலம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, எருமப்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த யூனியன் ஆபீசுக்குச் சுருளாக வந்து சேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அழிந்துவரும் உயிரினங்களைக் காப்பது பற்றி ஊர் ஊராகக் கூட்டம் போட வேண்டும் என்று கூடவே ஒரு சர்க்குலர். எங்கள் அதிகாரி பி.டி.ஓ. அதை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. என் மேஜைப் பக்கம் தள்ளிவிட்டு, "பொம்பளைங்க கூட்டம் நீங்கதானம்மா போடறீங்க, நீங்களே காட்டிருங்க" என்றார்.

நான் கிராம சேவிகா. புகையில்லா அடுப்பு, சத்துமாவு, தையல் வகுப்பு என்று மாதர் சங்கங்களைச் சுற்றி வருகிற வேலை. சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண், ஊர்ப் பேச்சில் வேதக்காரி. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், வீட்டில் என் சம்பளம்தான் சோறு. வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம் பாக்கி. நிரந்தரமாகவில்லையே தவிர வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. எங்கே போனாலும் நான்தான் பேசுவேன்.

கரடு என்று சொல்கிற சின்னப் பாறைக் குன்றின் அடியில் இருந்த ஒரு ஊரில் படத்தை விரித்தேன். புலி, யானை, திமிங்கலம், பெயர் தெரியாத ஏதோ பனிநாட்டுக் கரடி. திமிங்கலத்தைப் பார்த்து ஒரு பெண், "ஏனுங்கம்மா, இத நாங்க எங்கீங்க போயி காப்பாத்தறது?" என்று கேட்க, சங்கமே கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்விதானே! படத்தைத் துழாவினேன். கீழ் மூலையில், உடம்பெல்லாம் செதிலாக, ஒரு சின்ன உருவம். எறும்புதின்னி. "இதைப் பாத்திருக்கீங்களா?" என்றேன்.

"அட, அழுங்குங்க!" என்றாள் அதே பெண். முப்பது வயது இருக்கும். ஒல்லி, பேச்சில் கெட்டி. அவள் மடியில் இருந்த குழந்தையின் அரைஞாணில் ஒரு செதில் தொங்கியது. பயம் அண்டாமல் இருக்கக் கட்டியதாம். "கரட்டுல இருக்குதுங்க. என்ற ஊட்டுக்காரரு பாத்திருக்காருங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகமே தேடுகிற ஒன்று என் எல்லைக்குள் இருக்கிறது! இதை எழுதி அனுப்பினால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் என் பெயர் போகும். "இனிமே எங்கயாவது பாத்தா எனக்கு உடனே ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது ரொம்ப முக்கியம்" என்றேன். காப்பாற்றுவது, பிடிக்கக்கூடாது என்பது, சட்டம், அதெல்லாம் சொன்னேனா? சர்க்குலரில் இருந்தது. நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று எனக்கு நன்றாகவே தெரியும். மதிக்கிற மனுஷர் ஒன்றைப் பற்றிக் கேட்டுவிட்டால் யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள், கொண்டுவந்தே கொடுப்பார்கள். சும்மா சொல்லிவிட்டு நிற்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். முதல் மாதம், இங்கே நல்ல விளக்கெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தொலைத்தேன். மறுநாள் விடிந்ததும் என் வாசலில் மூன்று பாட்டில். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன், அறிவு கெட்டவள்.

இரண்டு வாரம் கழித்து யூனியன் ஆபீஸ் ஹாலில் பெரிய கூட்டம். வனத்துறை ரேஞ்சர் சிறப்பு விருந்தினர். எல்லா ஊர் மாதர் சங்கங்களையும் வரச் சொல்லியிருந்தோம். பத்து மணிக்குத் தோரணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியே வந்தேன். அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். சைக்கிள் கேரியரில் ஒரு தகர டிரம், மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஆணியால் ஓட்டை போட்டிருந்தது.

"கொண்டாந்துட்டமுங்க" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"எதை?"

புருஷன் டிரம்மைத் தட்டினார். உள்ளே பரபரவென்று நகம் தகரத்தைப் பிறாண்டியது. "மூணு நாளா பொந்தத் தோண்டுனனுங்க. வெள்ளாமக் காட்டு வேலையக்கூட உட்டுட்டேன். ரேஞ்சரு ஐயா வாராருன்னு சொன்னாங்க. அவரு கையிலயே குடுத்தரலாமுங்களா?"

அதே நேரம் ரோட்டில் ஜீப் சத்தம். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. டிரம்மை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளி, சத்துமாவு மூட்டைக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாயத் தொறக்காதீங்க. அப்புறம் சொல்றேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பரிசை ஒளித்து வைத்துக் கடைசியில் கொடுக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, தலையாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

ரேஞ்சர் நன்றாகத்தான் பேசினார், சும்மா சொல்லக்கூடாது. உலக நாடுகள் எல்லாம் விழித்துக்கொண்டன, நாமும் விழிக்க வேண்டும் என்றார். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒவ்வொன்றாகக் கம்பால் தொட்டு வந்தார். அழுங்கில் வந்து கம்பு நின்றது. "இது இருக்கே, புலிக்கு என்ன சட்டமோ அதேதான் இதுக்கும். பிடிச்சா ஜெயில். வச்சிருந்தா ஜெயில். பிடிக்கச் சொன்னவங்களுக்கும் ஜெயில். போன மாசம்கூட ஒருத்தனை உள்ளே தள்ளினேன். பொண்டாட்டி கால்ல விழுந்து அழுதா. சட்டம் சட்டம்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அந்தப் பெண்ணின் புருஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பெண்கள் பக்கத்தில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

பி.டி.ஓ. சைகை காட்டினார். விருந்தாளிக்குக் காபி. டம்ளர்கள் ஸ்டோர் ரூமில்! பியூன் சாவிக்குக் கை நீட்டினான். "நானே எடுத்தாறேன்" என்று ஓடினேன். கதவைத் திறந்தபோது டிரம் அமைதியாக இருந்தது. செத்துவிட்டதோ என்று ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். ஈரமான ஒரு மூக்கு நுனி, அதற்குப் பின்னால் மிளகளவு கண். பயந்த கண். அம்மாடி, உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அந்த மனுஷனுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். எனக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதைத்தான் முதலில் வேண்டினேன், வரிசையை இப்போது மாற்றிச் சொல்கிறேன்.

டம்ளர்களோடு திரும்பி வந்த அவசரத்தில் கதவைச் சாத்தினேனே ஒழியப் பூட்டவில்லை. ரேஞ்சர் காபியை உறிஞ்சுகிறார். ஹாலே அமைதி. அப்போதுதான் கேட்டது, கர்ரக் கர்ரக் என்று. டிரம் கொஞ்சம் நகர்ந்து சுவரில் இடித்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் ரேஞ்சர். கூட வந்த ஃபாரஸ்ட் கார்டு எழுந்து நின்றான். பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். எல்லாருமே என்னைப் பார்த்தார்கள்.

சொல்லியிருக்கலாம். 'நான்தான் சார் கேட்டேன். அந்த மனுஷர்மேல் தப்பில்லை. சட்டம் என்னவென்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.' மூன்றே வாக்கியம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஐந்து மாதம் என்று நினைத்தேன். அப்பாவை நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

கார்டு இரண்டு எட்டு வைத்துவிட்டான். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அவள் புருஷன் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் பெண்கள் வரிசையில் அவள் எழுந்துவிட்டாள்.

"கோழிங்க சாமி" என்றாள் சத்தமாக. "அடக்கோழிங்க. சேவிகாம்மாவுக்குன்னு நாந்தானுங்க கொண்டாந்தேன். கூட்டத்துல கத்தக்கூடாதுன்னு அங்க போட்டு வச்சிருக்குதுங்க."

ஹால் முழுக்கச் சிரிப்பு. ரேஞ்சரும் சிரித்தார். "பரவால்லையே சேவிகா, வரும்படி ஜோர்தான்!" கார்டும் இளித்துக்கொண்டே உட்கார்ந்தான். பி.டி.ஓ. மட்டும் பல்லைக் கடித்தார். நானும் சிரித்தேன், அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல.

ரேஞ்சர் விடவில்லை. கம்பை மறுபடி படத்தின் மூலையில் வைத்து, "சரி, நீயே சொல்லும்மா. இதை உங்க ஊர்ல பாத்திருக்கியா?" என்றார்.

"அப்படி ஒண்ண நாங்க கண்ணுல கண்டதே இல்லீங்க."

"பாத்தீங்களா!" என்று பி.டி.ஓ. பக்கம் திரும்பினார் ரேஞ்சர். "பக்கத்துலயே கரடு. இது என்னன்னுகூடத் தெரியல. இந்த மாதிரி அறியாத ஜனங்களுக்காகத்தான் உலகமே பணத்தைக் கொட்டி விழிப்புணர்வு பண்ணுது." அவளை நிற்க வைத்தபடியே இன்னும் ஐந்து நிமிஷம் அறியாமையைப் பற்றிப் பேசினார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜீப் போன பிறகு, ஆபீஸ் காலியாகட்டும் என்று சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தோம். டிரம்மைச் சாக்கால் மூடி சைக்கிளில் வைத்து, அவள் புருஷன் தள்ள, நானும் அவளும் பின்னால் நடந்தோம். எதிரே சைக்கிள் வந்தால்கூட நான் சாக்கை இழுத்து விட்டேன். கரட்டடியில் அவர் தோண்டின பொந்துக்குப் பக்கத்திலேயே டிரம்மைச் சாய்த்தார். அது உருண்டையாக வெளியே விழுந்தது. தேங்காய்க் குவியல் உருண்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அசைவே இல்லை.

தள்ளிப் போய்ப் பாறை மேல் உட்கார்ந்தோம். வெயில் இறங்கியது. "செத்துப் போயிருச்சுங்களாட்ட இருக்குது" என்றார் அவர், குரல் உடைந்து. நான் ஜெபமாலையை உருட்டினேன். வெகுநேரம் கழித்து உருண்டை கொஞ்சம் நெகிழ்ந்தது. மூக்கு வந்தது, பிறகு முதுகு. வாலை இழுத்துக்கொண்டு, நாங்கள் இருப்பதைச் சட்டையே செய்யாமல், கற்களுக்கிடையே மெதுவாகப் போய் மறைந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பிறகு சைக்கிளை எடுக்க இறங்கிப் போனார்.

நாங்கள் இருவர் மட்டும். எனக்கு அழுகை முட்டியது. அவள் கையைப் பிடித்து, "நீங்க மட்டும் அந்தக் கோழிப் பேச்சு பேசலைன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். வெடுக்கென்று இல்லை, மெதுவாகத்தான்.

"நீங்க எந்திரிப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க" என்றாள். "அந்த கார்டு ரெண்டு எட்டு வெக்கற வரைக்கும் பாத்தனுங்க. நீங்க கேட்டீங்கன்னுதானுங்களே அவரு தோண்டுனாரு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபமே இல்லை. வேலை போய்விடுமே என்று பயந்துவிட்டேன் என்றாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை. அவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "பொழுதாயிருச்சுங்க, உங்களுக்குப் பஸ்ஸு போயிரும்" என்று எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.