ஒழுகும் கூடாரத்தைக் கேட்டு வாங்கினேன்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த மறு மாதம், இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குத் தெற்கே கடலை ஒட்டிய எங்கள் ஊரில் நடந்தது இது.

நான் ஊரில் தங்காத ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லொறியில் போனேன், காட்டுச் சேனையில் பயிருக்குக் காவல் இருந்தேன், கடைசியாகப் பொத்துவில் பக்கம் ஒரு மீன்வாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காற்று அந்த வாடியையும் கொண்டுபோன பிறகு, மரங்கள் விழுந்து கிடந்த ரோட்டில் நடந்தும் டிராக்டரில் தொற்றியும் ஊர் வந்து சேர்ந்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் சுவரின் ஒரு துண்டு மட்டும் நின்றது. மாட்டை அவிழ்த்துவிடப் போன என் மச்சான், தங்கச்சியின் புருஷன், தென்னை விழுந்து மவுத்தாகியிருந்தார். நான் வருவதற்கு முன்பே அடக்கமும் முடிந்திருந்தது.

தங்கச்சி இத்தா இருக்க வேண்டும். புருஷன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் ஒதுங்கி இருப்பது எங்கள் மார்க்க வழக்கம். அதற்கு ஓர் அறை வேண்டும், ஒரு கதவு வேண்டும். அவளோ, ஊரே படுத்துக் கிடந்த பள்ளிக்கூட மண்டபத்தில், பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைக் கவிழ்த்து அடுக்கிய ஒரு மூலையில், நடை பழகுகிற மகளோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாராவது ஆண்பிள்ளை செருமினால் போதும், முக்காட்டை இழுத்துக்கொண்டு இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

நிவாரணமாகக் குடும்பக் கூடாரங்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் கல்முனைக்கு ஓடினேன். ஒரு நெல் களஞ்சியத்தில் வைத்துக் கொடுத்தார்கள். புத்தம் புதிய கூடாரம், வெள்ளைத் துணி. சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து பள்ளிக்கூட மைதானத்தில், மற்றக் கூடாரங்களின் வரிசையில் நட்டேன். தங்கச்சி உள்ளே போய் வாசல் துணியைக் கட்டினாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு ஆண்கள் கூட்டமாகத் திரும்பி வந்தோம். தங்கச்சி குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்துத் தொழுதுகொண்டிருந்தாள். துணியில் அவள் முழு உருவமும் விழுந்திருந்தது. கை உயர்த்துவது, குனிவது, பிள்ளை காலைப் பிடித்து இழுப்பது எல்லாம் படம் காட்டுவது போலத் தெரிந்தது. என்னோடு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். அதுதான் கூடுதல் வெட்கமாக இருந்தது.

விளக்கை மூலைக்கு நகர்த்தினால் நிழல் பெரிதானது. தரையில் வைத்தால் கூரை வரை எழும்பியது. சேலை கட்டி மறைக்கலாமென்றால் அவளிடம் மாற்றுச் சேலை ஒன்றுதான் இருந்தது. விழுந்த தென்னைகளின் ஓலையெல்லாம் முன்பே கூரைகளுக்குப் போய்விட்டது.

"விளக்க நூத்திரு புள்ள" என்றேன்.

"நான் இருட்டுல இரிப்பன் காக்கா. இவள் இரிப்பாளா?" என்றாள். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். விளக்கு அணைந்ததும் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது.

மறுநாள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு மறுபடியும் கல்முனைக்குப் போனேன். பெரிய வரிசை, கூடாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களும் அதில் நின்றார்கள். களஞ்சியத்தில் சாமான் கொடுத்தவர் பக்கத்துக் கிராமத்துத் தமிழர், என்னைவிட மூத்தவர்.

"என்ன தம்பி பிழை?" என்று கேட்டார்.

அத்தனை ஆண்கள் நிற்கிற இடத்தில் என் தங்கச்சியின் நிழலைப் பற்றி எப்படிச் சொல்வது? "ஒழுகிது அண்ணன்" என்றேன்.

அவர் பாவம், நல்ல மனசோடு தேடி, தையலெல்லாம் இரட்டையாகப் போட்ட ஒன்றைத் தந்தார். அதுவும் வெள்ளை. வாங்கும்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் துணி கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு சைக்கிளை உழக்கினேன். மாலையில் விளக்கு வைத்ததும் அதே நிழல். தங்கச்சி என்னைக் கேட்காமலே விளக்கை ஊதி அணைத்தாள்.

மூன்றாம் முறை போனபோது எனக்கு உடம்பில் பலமே இல்லை. அவர் என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார்.

"இதுவும் ஒழுகுதோ? தம்பி, இது என்ன புடவைக் கடையா, ஒவ்வொண்டா உடுத்திப் பாக்கிறதுக்கு?"

வரிசையில் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்குக் கரை வைச்சது வேணுமாம்!" என்றான் பின்னால் ஒருத்தன்.

களைப்பா, கோபமா, தெரியவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "ஒழுகல்ல அண்ணன். என்ட தங்கச்சி இத்தா இரிக்கா. விளக்குக் கொளுத்தினா உள்ளுக்கு இரிக்கிறது வெளிய தெரியிது. பச்சப் புள்ளய வெச்சிக்கிட்டு இருட்டுல இரிக்கா."

சிரிப்பு நின்றது. அவர் அந்த வெள்ளைத் துணியை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்து, "அப்ப, ஒழுகுது ஒழுகுது எண்டு வந்த நீங்கெல்லாம்?" என்று கேட்டார்.

கூடாரத்தைத் தோளில் வைத்திருந்த ஒரு பெரியவர், "எனக்கும் ரெண்டு குமர்ப் புள்ள இரிக்கி வாப்பா" என்றார். கரை கேட்டவன் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கட கூடாரத்துலயும் மனிசி இருட்டுலதான் உடுப்பு மாத்துறா" என்றார் சாமான் கொடுத்தவர், மெதுவாக. "நான் அத ஒரு குறையெண்டே நினைக்கல்ல. முதலே சொல்லிரிக்கலாமே தம்பி."

உள்ளே போய்ப் பழைய படங்குகளை இழுத்துப் போட்டார். லொறிகளில் சாமான் மூடுகிற தடித்த துணி, கரும்பச்சை. மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது, எலி அறுத்த ஓட்டைகள் வேறு. "நல்லாப் பாத்து எடுங்க. இது மெய்யாவே ஒழுகும்" என்றார்.

மழைக்காலத்தில், ஒழுகாத புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒழுகுமென்று தெரிந்தே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பெரியவரும் ஒன்றை எடுத்தார். இரண்டு பேருமாகத் தூக்கி அவர் மாட்டுவண்டியில் ஏற்றினோம்.

அன்று மாலையே மழை. சட்டி, கோப்பை, பால்மாப் பேணி என்று இருந்ததையெல்லாம் தங்கச்சி ஒழுக்குக்கு வைத்தாள். நான் வெளியே நனைந்துகொண்டு கூடாரத்தைச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரியவில்லை. "கொளுத்தினயா?" என்று கேட்டேன். "கொளுத்தி எவ்வளவு நேரம்!" என்றாள். அவள் பிள்ளைக்கு ஏதோ கதை சொல்ல, பிள்ளை சிரிப்பது கேட்டது. எங்கள் ஊரில் அந்த மாதம் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இத்தா முடியும் வரை அதிலேயே இருந்தாள். நான் அதற்குப் பிறகு மறுபடியும் ஊர் ஊராகப் போனேன், பல இடங்களில் வேலை செய்தேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் ஒரு குறை சொல்லிக்கொண்டு வந்தால், உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்திருக்கிறேன். முதலில் சொல்வது வாய்க்கு லேசானது, உண்மையான குறை அதற்குப் பிறகுதான் வரும்.