மூடாத கொக்கி

பட்டறையில் பாரம் தொங்கும்போது, இன்ஜின் கொடுக்க வரும் உங்களை ஏன் வாசலுக்கே விரட்டுகிறேன் என்று கேட்டீர்கள். நேரில் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கல்மண்டபத்தில் நான் வேலை செய்யும் படகு இன்ஜின் பட்டறை தெருவைவிடத் தாழ்வு. பெரிய மழை என்றால் உள்ளே முழங்கால் தண்ணீர். புயல் அறிவிப்பு வந்ததும் கீழே கிடக்கும் சாமான்களை இரும்புப் பரணில் ஏற்றிவிடுவோம். கனமானதென்றால் உத்தரத்தில் மாட்டியிருக்கும் செயின் பிளாக்கால் தூக்குவோம். ஒரு பக்கச் சங்கிலியை இழுத்தால் பாரம் ஏறும், மறுபக்கத்தை இழுத்தால் இறங்கும்.

அன்று கடைசியாக மிஞ்சியது ஒரு கியர் பாக்ஸ். இரண்டு ஆள் எடை இருக்கும். என்னோடு வேலை செய்பவர் வரவில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரரான படகுக்காரர் தானே கை கொடுப்பதாகச் சொன்னார். என்னைவிட மூத்தவர். சரி என்றேன், அது என் தப்பு. பெல்ட்டைச் சுற்றிக் கொக்கியில் மாட்டி இழுத்தேன். அவர் அடியில் நின்று, பெட்டி ஆடாமல் தாங்கிப் பிடித்தார்.

பெட்டி அவர் தலைக்கு மேல் போன பிறகுதான் கொக்கியைப் பார்த்தேன். பெல்ட் நழுவாமல் கொக்கியின் வாயை அடைக்கிற நாக்கு மூடவில்லை. ஆயுத பூஜைக்குக் கட்டிய எலுமிச்சம்பழத்தின் கயிறு இடுக்கில் சிக்கியிருந்தது. அந்தக் கயிறு தானாக அறுந்து விழும்வரை எங்களில் யாரும் அதில் கை வைப்பதில்லை. பெல்ட் கொக்கியின் நுனிக்கு வந்திருந்தது. கழன்றால் அவர் தலையில்தான் விழும்.

“அண்ணாத்தே, தள்ளிக்கோ.”

“இன்னாத்துக்கு? சொவுத்துல இடிச்சிக்கும் நைனா. நீ இஸ்து வுடு.”

“கொக்கி சரியில்ல. வெளிய வா.”

“கடல்ல இத்தவுட பேஜாரெல்லாம் பாத்துகீறேன். பயமா கீதுன்னா சொல்லு, உன் பொண்டாட்டிய கூப்டுறேன். அது இஸ்துக் குடுக்கும்.”

சிரித்தார். கையை எடுக்கவில்லை. நான் போய் அவரை இழுத்தால் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார், பாரம் ஆடும். அதனால் நின்ற இடத்திலிருந்தே அவருடைய அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

பெட்டியை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். கன்னத்தில் ஒன்று விழுந்தது. நான் சங்கிலியை விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இடுப்பளவு உயரத்தில் பெல்ட் கழன்றது. பெட்டியின் ஒரு கால் உடைந்தது, தரையில் சிமெண்ட் பெயர்ந்தது.

அவர் தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார்.

“இத்த சொல்றதுக்கு எங்கம்மா எதுக்குடா?”

“நவுறமாட்டேன்னியே.”

இரண்டு பேருமாகப் பெட்டியைப் புரட்டிப் பலகை மேல் வைத்தோம். புயல் கடந்து மற்றப் படகுகள் போன பிறகும் அவருடையது ஒரு வாரம் கரையிலேயே நின்றது. அந்த வாரம் முழுக்க, நான் பெட்டியைச் சரிசெய்வதைப் பார்க்க வந்தார். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, தனக்கு மட்டும் டீ வாங்கிக் குடித்தார்.