எல்லாக் கறிக்கும் போடுகிற பொடி

தண்டையார்பேட்டையில் ரஹீமுன்னிசாவின் மீன் குழம்பை ஒருமுறை சாப்பிட்டவர்கள், அடுத்த முறை கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். காசிமேட்டில் மீன் மணலில் துள்ளிக்கொண்டிருக்கும்போதே அவள் அங்கே போய்விடுவாள். மீன்காரி எடுத்துக் கொடுப்பதை வாங்கமாட்டாள். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், "இது நேத்து செத்ததும்மா, இத யாருக்குத் தள்ளப் பாக்குறே?" என்பாள். பதிலுக்கு நல்லதாக நாலு வசவு வாங்கிக்கொண்டு, கூடையின் அடியில் ஒளித்து வைத்த வவ்வால் மீனைத்தான் எடுத்து வருவாள். மல்லி, மிளகாய், மஞ்சள், தேங்காய் எல்லாம் அன்றன்றைக்கு அம்மியில் அரைத்தாக வேண்டும். நேற்று அரைத்ததை இன்றைக்கு வைத்துக்கொள்கிற பெண்களைச் சோம்பேறி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் தெருவில் அவளுக்குப் பகைக்கும் குறைவில்லை.

எம்டன் கப்பல் பட்டணத்தில் குண்டு போட்ட வருஷம் அவளுக்கு நிக்கா ஆயிற்று. மாப்பிள்ளை கமாலுதீன் கப்பலில் பண்டாரி. அதாவது, சரக்குக் கப்பலில் உழைக்கிற கலாசிகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவன். கப்பல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாடு தெரிந்ததுதானே. வந்தால் பெருநாள், போனால் வருஷக்கணக்கில் வெறும் வீடு. பிள்ளை குட்டியும் இல்லை. ரங்கூனில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள், கொழும்பில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெருவில் பேசுவதை அவள் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வாள். "எங்க சுத்தினா இன்னா, சோத்துக்கு என்கிட்டதான் வரணும்" என்பாள். அழகு, பணம், வாரிசு என்று பிடித்துவைக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. அந்தக் குழம்பைத்தான் அவள் முழுசாக நம்பியிருந்தாள்.

இந்தத் தடவை அவன் போன பயணம் ரொம்ப நீண்டுவிட்டது. திரும்பி வந்தவன் கன்னம் ஒட்டி, பாதி ஆளாக இருந்தான். ரஹீமுன்னிசா சும்மா இருப்பாளா? வவ்வால் என்ன, சங்கரா என்ன, இறால் என்ன, ஓய்வே இல்லாமல் அம்மி ஓடியது. முன்னெல்லாம் விரலைச் சப்பிக்கொண்டே "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்பவன், இப்போது தலையைக் குனிந்துகொண்டு தின்றான்.

"இன்னா மச்சான், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது."

அந்த 'தான்' இருக்கிறதே, அதுதான் அவளைக் குத்தியது. நன்றாக இருக்கிறதைப் பார்த்து எவனாவது நல்லாத்தான் இருக்கிறது என்பானா?

ஒரு மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். குடத்தோடு திரும்பி வந்தவள் கதவோரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கமாலுதீன் மடியிலிருந்து சின்னத் தகர டப்பா ஒன்றை எடுத்தான். மூடியை நெம்பினான். மஞ்சளாக ஏதோ பொடியை அவள் குழம்பின் மேல் தட்டிப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தின்றான். பிறகு விரலைச் சப்பினான். அட படுபாவி!

"இன்னாது அது?"

அவன் திடுக்கிட்டு டப்பாவை மறைக்கப் பார்த்தான். மறைக்க முடியவில்லை. அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "ஒண்ணுமில்லமே. கறிப்பொடி. கப்பல்ல குடுப்பாங்கோ."

நம் ஊரில் கறி என்றால் என்ன? ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழிக்கறி. வேறென்ன அர்த்தம் அந்தச் சொல்லுக்கு? கறியைக் காயவைத்து இடித்த பொடி என்றுதான் அவளுக்குப் பட்டது. யார் அறுத்தார்களோ, அறுக்கும்போது அல்லா பேரில் பிஸ்மி சொன்னார்களோ இல்லையோ!

"எந்தக் கறி?" என்றாள், குடத்தைக் கீழே வைக்காமல்.

கமாலுதீன் தப்பித்தோம் என்று நினைத்து உற்சாகமாகச் சொன்னான்: "எல்லாக் கறிக்கும் போடறதுதான்!"

போதாதா? 'எல்லாக் கறி' என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. யா அல்லா, எல்லாக் கறியுமா? சீமைக்காரன் தின்கிற அந்த விலக்கப்பட்ட கறியும் சேர்த்தா? குடம் ஒரு பக்கம் உருண்டது. அவன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள், குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தாள், டப்பாவை முருங்கை மரத்தடிக்கு விட்டெறிந்தாள். "ஹராமக் கொண்டாந்து என் வூட்டு அடுப்பாண்ட வெக்கிறியா? தவ்பா, தவ்பா!"

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. பாதிச் சோற்றில் பிடுங்கினால் யாருக்குத்தான் வராது? "நான் ஹராம் துன்றவனா? இத்தினி வருசம் குடித்தனம் பண்ணி இதான் நீ என்னிய தெரிஞ்சிகினதா? தொறமுகத்துல ஆள் எடுத்துகினு கீறாங்கோ. நான் போய்ப் பேரு குடுக்கிறேன்!" என்று கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பிவிட்டான்.

அவள் சாம்பலை அள்ளிப் போட்டுச் சட்டியையும் தட்டையும் தேய் தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்து வீட்டு ரசூல் பீவி அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்தாள். அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு மசாலாக் கொட்டகையில் வேலை செய்கிறவள். நாளெல்லாம் மிளகாய்க் காரத்தில் கிடந்து மூக்கு சிவந்தே இருக்கும். முருங்கை மரத்தடியில் கிடந்த டப்பாவைப் பார்த்ததும் குனிந்து எடுத்தாள்.

"எம்மே, எங்க கொட்டா டப்பா இங்க எப்டி வந்துச்சு?"

ரஹீமுன்னிசா தேய்ப்பதை நிறுத்தினாள். "இன்னாக்கா சொல்றே?"

"இதோ மயிலு படம். பசை தடவி இத ஒட்றதே நான்தாம்மே. பொட்டி பொட்டியா சீமைக்குப் போவுது."

"அதுல எல்லாக் கறியும் கீதாமே!"

ரசூல் பீவி ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், தும்மல் வந்து சிரிப்பு நின்று, மறுபடியும் சிரித்தாள். "அடி பைத்தியமே! வெள்ளக்காரன் கொழம்பையே கறிம்பான். அவன் பாஷ அப்டி. மல்லி, மொளகா, மஞ்சா, வெந்தயம். நீ அம்மியில வெக்கிற அதே சாமான்தான். தேங்கா மட்டும் கெடியாது. போட்டா சிக்கு நாத்தம் வந்துடும்."

ரஹீமுன்னிசாவும் சிரித்தாள். வண்ணாரப்பேட்டைப் பொடி சீமைக்குப் போய், அங்கே கப்பலேறி, உலகத்தைச் சுற்றிக்கொண்டு தண்டையார்பேட்டைக் கொல்லைக்கு வந்து சேர்ந்திருக்கிறதே! கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ரசூல் பீவி நெருப்பை வாங்கிக்கொண்டு போனதும் சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. சரி, ஹராம் இல்லை. தன் அம்மியில் வைக்கிற அதே சாமான்தான். அப்படியானால் தன் குழம்பில் எதற்காக அதைத் தூவினான்? ஹராமாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இதை என்னவென்று தீர்ப்பது? கழுவின சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கமாலுதீன் வந்தான். "பேரு குடுத்துட்டேன். வெள்ளிக்கெழம கப்பல்" என்றான். கோபம் இறங்கியிருந்தது. ஆனால் கொடுத்த பெயரை இனித் திரும்ப வாங்க முடியாது.

அவள் டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "ஹராம் இல்லன்னு தெரிஞ்சிகினேன். என் புத்தி அப்டி. ஆனா ஒண்ணு சொல்லு மச்சான். என் கொழம்புல இன்னா கொற?"

அவன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கப்பல் ஆடறப்போ அம்மி நிக்குமா? ஒரு தபா குழவி உருண்டாந்து கால் வெரல நசுக்கிடுச்சி. அதிலேந்து டப்பாதான். சீமையில பனி கொட்டும், கையி வெறச்சிப் பூடும். இதத் தொறந்தா நம்ம வூட்டு வாசன வரும். நீ அம்மியாண்ட குந்திகினு கீற மாரி இருக்கும். மொதல்ல, இது அவ ருசி இல்லியேன்னு தோணிச்சி. பொறவு அதுவும் தோணல. இதான் அவ ருசின்னு ஆயிடுச்சி. இப்ப வந்து உன் கொழம்பத் துன்னா, யாரோ வேற வூட்டுல துன்ற மாரி கீது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

ரஹீமுன்னிசா வாய்விட்டு அழுதாள். ரங்கூன்காரி, கொழும்புக்காரி என்று யாராவது இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருப்பாள். இங்கே அவளுக்குச் சக்களத்தியாக வந்தவளும் அவளேதான். அவளை நினைத்து நினைத்தே அவன் அவளை மறந்திருக்கிறான். அந்தப் பொடி அவனைக் காப்பாற்றியும் இருக்கிறது, அதையும் அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அத்தனை தூரத்துக்கு அவள் அம்மி போகாது. பொடிதான் போகும்.

மறுநாள் காலையில் அவள் மீன் வாங்கப் போகவில்லை. மல்லியையும் மிளகாயையும் வறுத்து முறத்தில் கொட்டி வெயிலில் காயவைத்தாள். ரசூல் பீவியைக் கூப்பிட்டு எவ்வளவு காய வேண்டும், எப்படிச் சலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். தேங்காயை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தாள். அன்றன்றைக்கு அரைக்காதவளைச் சோம்பேறி என்ற ரஹீமுன்னிசா மாசக்கணக்குக்குப் பொடி இடிக்கிறாள் என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "இன்னாமே, பண்டாரி ஆயிட்டியா?" என்று கேலி பேசினார்கள். அவள் திருப்பிப் பேசாததுதான் தெருவுக்குப் பெரிய ஆச்சரியம்.

மயில் டப்பாவில் மிச்சமிருந்ததை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்தாள். டப்பாவைக் கழுவிக் காயவைத்து, தன் பொடியை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் பெட்டியைத் தூக்கியபோது அதைக் கையில் கொடுத்தாள்.

"இங்க தொறக்காத. கப்பல்ல போய்த் தொற. மொதல்ல இது அவ ருசி இல்லியேன்னுதான் தோணும். வுடாத, துன்னு."

அவன் தலையாட்டினான். தெருமுனை திரும்புகிறவரை டப்பாவைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் சில நாள் அவளுக்கு அடுப்பு மூட்டவே மனசு வரவில்லை. பிறகு ஒருநாள் காசிமேட்டுக்குப் போனாள், வழக்கப்படி சண்டை போட்டு வவ்வால் வாங்கினாள், தேங்காய் வைத்து அரைத்துக் குழம்பு வைத்தாள். தட்டில் போட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றாள். பழைய குழம்பேதான், ஒரு குறையும் இல்லை. எழுந்துபோய் மாடத்திலிருந்து அந்தக் காகித மடிப்பை எடுத்து வந்தாள். ஒரு சிட்டிகை தூவிப் பிசைந்தாள். பழைய தகரமும் நிலக்கரிப் புகையும் கலந்த ஒரு வாசனை வந்தது. அவன் சட்டையில் வரும் வாசனை அது.

நெருப்புக்கு வந்த ரசூல் பீவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அடியே, உன் கையால வெச்ச கொழம்புல எங்க கொட்டாப் பொடியா? அவ்ளோ ருசியாவா கீது?"

"ருசி இன்னா ருசி" என்றாள் ரஹீமுன்னிசா, அடுத்த வாய்க்குப் பிசைந்துகொண்டே. "மச்சான் வூட்டுல கீற மாரி கீதுக்கா."