என் உயரத்துக்கு ஒரு சிங்க்

நான் உயரமானவள். என் கணவரைவிட அரைச்சாண் கூடுதல். கல்யாண வரவேற்பில் என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போட்டோ எடுத்தார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. கோபம் வந்தது சிங்க் விஷயத்தில்தான்.

வலியசாலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தது ஒரு ஸ்டீல் சிங்க். என் இடுப்புக்கும் கீழே, சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆழமில்லாதது. குழாயைத் திறந்தால் புடவை முன்பக்கம் முழுக்க நனையும். காலையில் குனிந்து பாத்திரம் துலக்கிவிட்டுக் கிழக்கேகோட்டையில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போவேன். சாயங்காலம் வந்து மறுபடி குனிவேன். முதுகு வலி தாங்காமல் டாக்டரிடம் போனபோது, குனிந்து வேலை செய்யவே கூடாது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் பெரிதாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் டீ குடித்த டம்ளரைக் கொண்டுபோய் அதே சிங்க்கில் போட்டார்.

பிள்ளைகள் வெளியூர் போனபின் சமையலறையை இடித்துக் கட்டுவதென்று முடிவானது. அப்போதுதான் ஒரு கடையில் அந்த வெள்ளைத் தொட்டியைப் பார்த்தேன். ஃபயர்கிளே சிங்க் என்றார்கள். சூடு தாங்கும் களிமண்ணில் கையால் செய்து, மேலே வெண்பூச்சுப் பூசி, சூளையில் சுட்டெடுத்தது. பெரிய குக்கர் முழுசாக உள்ளே இறங்கும். எனக்குப் பிடித்தது அதன் முன்சுவர். மேடைக்கு வெளியே வந்து நிற்பதால், நடுவில் கல் இல்லாமல் தொட்டியை ஒட்டியே நிற்கலாம். எட்டிக் குனிய வேண்டாம்.

கடையில் இருந்த பெண் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கைவேலை என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, அதனால் சிங்க் வீட்டுக்கு வந்தபின் அதையே வைத்து அளந்துதான் கல் வெட்ட வேண்டும். ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. கம்பி நாரால் தேய்க்கக் கூடாது, மெத்தென்ற ஸ்பாஞ்சும் பாத்திர சோப்பும் போதும், கறை பிடித்தால் சோடா உப்பைக் குழைத்துப் போட வேண்டும்.

அடுக்களை வேலை எடுத்த மலையாளி கான்ட்ராக்டர் மரியாதையான ஆள். அந்த மரியாதை முழுவதும் என் கணவருக்கு. டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டார்: "சாரே, ஹைட் எத்ர வேணும்?"

"எல்லாரும் வைக்கறதுதான்" என்றார் என் கணவர். அந்த மேடை முன்னால் அவர் நின்றதே கிடையாது.

"நாலு இஞ்ச் கூட்டி வைங்க" என்றேன்.

கான்ட்ராக்டர் சிரித்தார். "சேச்சி, ஸ்டாண்டர்ட் ஹைட் ஒண்ணு உண்டல்லோ."

"அவரு எத்தனை அடுக்களை பாத்திருப்பாரு, விடு" என்றார் இவர்.

யாருடைய ஸ்டாண்டர்ட்? யார் கையை அளந்து வைத்தார்கள்? அன்றைக்கு அதைக் கேட்காமல் ஆபீசுக்குக் கிளம்பிப் போனேன். போகும்போது, சிங்க் வந்தால் நான் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சில நாள் கழித்து, சிங்க் வந்த அன்று சாயங்காலம் தெருவில் திரும்பும்போதே ஆசிட் நெடி மூக்கில் ஏறியது.

கேட்லாகில் இருந்த அளவுக்கு முன்பே கல்லை வெட்டி வைத்து, அன்று ஒரே பகலில் பழைய உயரத்திலேயே மேடையையும் முடித்திருந்தார்கள். சிங்க் உள்ளே இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் கல்லைத்தானே செதுக்க வேண்டும்? சிங்க்கின் விளிம்பை மிஷின் வைத்து அறுத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி, அதில் வெள்ளை சிமெண்ட். சிந்திய சிமெண்ட்டைப் போக்க ஆசிட்டை ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருந்தார்கள். தொட்டியின் அடியில் விரலை ஓட்டினேன். கண்ணாடி போல வழுக்க வேண்டிய இடம் சொரசொரவென்று இருந்தது.

"இது சிங்க்கின்டெ கொழப்பமா, சாரே" என்றார் கான்ட்ராக்டர். கோளாறு சிங்க்கில்தானாம். அப்போதும் சாரைப் பார்த்தே.

"எல்லாத்தையும் கழத்துங்க" என்றேன்.

"சாரே, ஒண்ணு பறயூ..." என்று, எனக்கு எடுத்துச் சொல்லும்படி இவரைக் கெஞ்சினார்.

என் கணவர் என் தோளருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "விடுட்டி. அடுக்களைக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன். தினம் ரெண்டு வேளை நின்னு பாப்பேன். நான் யாருமே இல்லையா?"

கான்ட்ராக்டர் நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார், வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடையில் கேட்டால், ஆசிட் ஊற்றியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ஒருநாள் கான்ட்ராக்டர் போனை எடுத்தபோது, கடைக்காரன் மோசமான சாமானைக் கொடுத்துவிட்டான் என்றார்.

நான் வீட்டில் ஒரு முடிவைச் சொன்னேன். சமைப்பேன், அந்த சிங்க்கில் ஒரு கரண்டிகூடக் கழுவ மாட்டேன். என் கணவர் முதலில் சிரித்தார். பிறகு ஹோட்டலில் பார்சல் வாங்கி வந்தார். அதுவும் அலுத்தபின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சிங்க் முன்னால் போய் நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குனியாமல், முதுகு நிமிர்ந்து, சுகமாக நின்று கழுவினார்.

"உயரம் சரியாத்தான இருக்கு?" என்றார்.

"உங்களுக்குச் சரியா இருக்கு" என்றேன். "இங்க வாங்க. நான் எப்படி நிக்கேன்னு பாருங்க."

நான் குனிந்து ஒரே ஒரு தட்டைக் கழுவினேன். அவர் பின்னால் நின்று பார்த்தார். பிறகு போனை எடுத்து, நான் அதுவரை கேட்டிராத குரலில் கான்ட்ராக்டரிடம் பேசினார். "நீங்க வாங்க. என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அவகிட்ட கேளுங்க."

அதிலும் எனக்குக் கோபம்தான். நான் சொன்னபோது ஏறாதது, சார் சொன்னதும் மறுநாளே ஏறியது.

கான்ட்ராக்டர் வந்தார். என் முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தார். மேடையை இடித்து உயர்த்தி, சிங்க்கை உட்கார வைத்து அளந்து புதுக் கல் வெட்டினார். வேறு சிங்க் மட்டும் வாங்கித் தரவில்லை. கடையும் தரவில்லை. அறுபட்ட விளிம்பு கல்லுக்கடியில் மறைந்தது. அடியில் சொரசொரப்பான இடத்தில் டீக்கறையும் மஞ்சளும் ஒட்டிக்கொள்கின்றன. மற்ற இடமெல்லாம் ஒரு துடைப்பில் பளிச்சென்று ஆகிவிடும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சோடா உப்பைக் குழைத்துப் பூசிக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டுதான் பூசுகிறேன். இரும்பு தோசைக்கல் விழுந்து பூச்சு பெயராமல் இருக்க உள்ளே ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறேன். ராத்திரிப் பாத்திரம் இப்போது அவர் பொறுப்பு. தொட்டியின் அடிவரை கை எட்டாததால் ஒரு மணையைப் போட்டு ஏறி நின்று கழுவுகிறார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் ஒரு கணவன் மனைவியை அழைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் பிளாட் வாங்கியவர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிப்போய், "ஞான் ஸ்பெஷலாயிட்டு ஹைட் கூட்டிச் செய்ததா" என்று பெருமையாகக் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்லாக், மிஷின், ஆசிட், எடுக்காத போன், ஒன்று விடாமல். அவர் "சேச்சிக்கு எப்போழும் தமாஷா" என்று சிரித்தார். வந்த ஆணும் கூடச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ரப்பர் விரிப்பைத் தூக்கி, சொரசொரப்பான இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மேடையருகே நின்று தன் முழங்கையை மடக்கினாள். என் தோளுக்குத்தான் வருவாள். முழங்கை மேடை மட்டத்துக்குக் கீழே நின்றது.

"எனக்கு இது ரொம்ப உயரம்" என்று தன் கணவரிடம் சொன்னாள்.

அவர் அதற்குள் ஹாலில் கான்ட்ராக்டரோடு டைல்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.